தரையில் நீ போட்ட கோடுகள்

மாப்ளே,

இன்று மதியம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் பழுது பார்க்கும் கடையில் நின்றிருந்தேன். என் போனில் சார்ஜ் ஏறும் துளை ஆடிப்போயிருந்தது. கடையில் இருந்த பெண் அதைப் பிரித்துப் போட்டு, சூடான சால்டரிங் கம்பியைப் பேஸ்ட் டப்பாவில் தொட்டு எடுத்தாள். நூல் மாதிரி ஒரு புகை எழுந்து என் மூக்குக்கு வந்தது. உன் வீட்டு முன்னறையின் அதே வாசனை. அவ்வளவுதான். "சார், முகம் ஒரு மாதிரி இருக்கு, உக்காருங்க" என்று அவள் ஸ்டூலைத் தள்ளினாள். உட்கார்ந்தேன். நீ போய் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தபால் ஆபீஸில் ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவன், உனக்கு ஒரு வரி எழுத இத்தனை காலம் எடுத்திருக்கிறேன்.

நம்மைச் சேர்த்து வைத்ததே தபால்தான். கல்லூரி ஆய்வகத்தில் நீ உதவியாளன். சிற்றலை வானொலியில் கடல் தாண்டிய நிலையங்களைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஒலிபரப்பு திண்டுக்கல்லில் இன்ன தரத்தில் கேட்டது" என்று அட்டை எழுதிப் போடும் பைத்தியம் உனக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. உன் அட்டைகள் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உன் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த செய்தியை நாகல் நகரில் உன் வீட்டு முன்னறையில்தான் கேட்டோம். பிறகு கொஞ்ச நாள் ஊரெல்லாம் அதே பேச்சு. கதிர்வீச்சு மழையில் வருமாம், பால் பவுடரில் வருமாம். டீக்கடையில் ஒருவர் தயிரையே விட்டுவிட்டதாகச் சொன்னார். நானும் பயந்தேன். எதற்கும் முதல் ஆளாகப் பயப்படுகிறவன் நான். நீ அப்படியில்லை. "இருக்கா இல்லையான்னு வாயால பேசாத மாப்ள. எண்ணிப் பாப்போம்" என்றாய்.

கல்லூரியில் கழித்துப்போட்ட சாமான்களுக்குள் கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாய் ஒன்று விரல் நீளத்தில் கிடந்திருக்கிறது. எழுதிக் கேட்டு வாங்கி வந்தாய். அக்காவின் பழைய அலுமினிய டிபன் பாக்ஸ்தான் பெட்டி. உடைந்த டேப் ரிக்கார்டரிலிருந்து முள், ஓட்டை டிரான்சிஸ்டரிலிருந்து ஸ்பீக்கர். கணவனை இழந்து உன்னோடு வந்து தங்கியிருந்த உன் அக்கா, "சோறு வச்ச பாத்திரத்துல என்னடா எழவக் கூட்டுறீக?" என்று கேட்டுக்கொண்டே நமக்கு டீ கொண்டுவந்து வைப்பார்.

அந்தக் குழாய்க்கு நானூறு வோல்ட் வேண்டும். பேட்டரியிலிருந்து அதை ஏற்றிக் கொடுக்கும் பகுதியை நீ கட்டினாய். ஒருநாள் நான் புத்திசாலி மாதிரி பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை வைத்தேன். பீரோவில் போய் முட்டினேன். எழுந்து, "பேட்டரியக் கழட்டிட்டேனேடா!" என்று உன்னிடமே சண்டைக்கு வந்தேன். உனக்கு வந்த கோபத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். "குழாய அடைச்சா தொட்டியில கெடக்குற தண்ணி எங்கடா போகும்? கப்பாசிட்டருக்குள்ள அம்புட்டும் நிக்கிது. முதல்ல வடிய விடு. வடிஞ்சிருச்சான்னு மீட்டர வச்சுப் பாரு. அதுக்கப்புறமும் எடது கையப் பின்னால கட்டிக்க. ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாப் போகும்." இன்றும் மிக்ஸியைத் திறந்தால் என் இடது கை தானாகப் பின்னால் போகிறது. என் மனைவி செல்வி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

பெட்டி முதன்முதலில் பேசிய ஞாயிற்றுக்கிழமையை நீயும் மறந்திருக்க மாட்டாய். பக்கத்தில் எதையும் வைக்கவில்லை. ஆனாலும் டிக், டிக்கென்று அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. உன் வாட்சைப் பார்த்து எண்ணினோம், நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. எனக்கு வியர்த்தது. நீ சிரித்தாய். "பயப்படாத. மண்ணுல இருந்து வருது, செவத்துல இருந்து வருது, ஆகாசத்துல இருந்து வருது. உன் எலும்புக்குள்ளயும் கொஞ்சம் இருக்கு. இது ஊர்க் கணக்கு. இதுக்கு மேல எம்புட்டு, எம்புட்டு நேரம், எம்புட்டு தூரத்துல, அதான் கேள்வி. சத்தம் கேட்டதும் ஓடுறவன் கிறுக்கன்."

சோதித்துப் பார்க்க பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் ஒன்று வாங்கி வந்தாய். புரோட்டாக் கடைதோறும் தொங்கிய அந்த வெள்ளைப் பைக்குள் கதிர்வீசும் பொருள் இருக்கிறது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. கிட்டே வைத்ததும் பெட்டி படபடத்தது. எரிக்காமல், பிய்க்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி பிஸ்கட் டின்னில் வைத்தாய். என் மாமனாரின் பழைய ரேடியம் வாட்சைக் கொண்டுவந்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது என் கையில் ஒன்று போட்டாய். "வெளிய இருக்குற வரைக்கும் அது சத்தம்தான். தூசியா மூச்சுல போச்சுன்னா எமன். கண்ணாடிக்கு மேல வச்சு எண்ணு, போதும்."

அந்த வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கெல்லாம் சுற்றினோம்! மலைக்கோட்டைப் பாறையில் வைத்தால் கணக்கு ஏறியது. ஆத்தூர் அணையில் பரிசலில் உட்கார்ந்து எண்ணினால் இறங்கியது. தண்ணீர் மண்ணை மறைக்கிறது என்றாய். கரையில் ஒரு விவசாயி வெகுநேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்ப்பு, போர் பாயிண்டா பாக்குறீக? நம்ம காட்டுக்கும் செத்த வாங்களேன்" என்றார். நீ பொறுமையாக அவர் தோட்டம் வரைக்கும் போய், இது தண்ணீர் காட்டும் மிஷின் இல்லை என்பதை எண்ணியே காட்டிவிட்டு, இரண்டு இளநீர் குடித்துவிட்டு வந்தாய். மனிதர்களிடம் பொய் சொல்லி ஒரு இளநீர்கூட வாங்கத் தெரியாதவன் நீ.

அடுத்த பொங்கல் கழிந்து உன் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. மதுரையில் எடுத்தார்கள். "வெறும் கட்டிடா, எடுத்தாச்சு" என்று சொன்னாய், நானும் அதோடு விட்டேன். சில மாதம் கழித்து, மெட்ராஸில் ஒரு சோலி என்று பத்து நாள் போனாய். திரும்பி வந்தும் நம் ஞாயிற்றுக்கிழமைக்கு நீ வரவில்லை. எனக்குக் கோபம். அப்போது ஸ்பீக்கர் கம்பி அறுந்து பெட்டி என்னிடம் இருந்தது. அதைச் சரிசெய்து துணிப்பையில் போட்டு, சைக்கிளில் உன் வீட்டுக்கு வந்தேன்.

நீண்ட முன்னறையின் கடைசியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டதும், "அங்கனயே நில்லு" என்றாய். விளையாட்டு என்று நினைத்து, வாசலிலேயே நின்று பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். டிக்கென்ற சத்தமே இல்லை. எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல், முள் கடைசிவரை போய் முட்டி நின்றது. குழாய் போய்விட்டது, இல்லை வோல்ட் ஏறிவிட்டது என்று புலம்பிக்கொண்டே மூடியைத் திறக்கப் போனேன். "திறக்காத. ரிப்பேரு பெட்டியில இல்ல" என்றாய்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனாய். இரைச்சல் தணிந்தது. திரும்பி வந்தாய், கூடியது. மறுபடி போனாய், தணிந்தது. எதையும் வாயால் பேசாமல் எண்ணிக் காட்டுகிற உன் வழக்கத்தை இதிலும் நீ விடவில்லை.

"நான்தான்டா" என்றாய். "கேன்சருன்னாக. கட்டிய எடுத்தும் மிச்சம் இருக்காம். அதக் கரைக்கக் கதிர் வீசுற அயோடின் குடிக்கக் குடுத்தாக. இந்தப் பெட்டி கத்துதே, அந்த அயோடின். நாலு நாள் ஒரு ரூம்ல பூட்டி வச்சிருந்து அனுப்புனாக." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே நமக்கு மேண்டில் செலவு மிச்சம்" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. தெருப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. நீ பார்த்துவிட்டாய். "செல்விக்கு அஞ்சு மாசம்ல? பெட்டிய அங்கயே வச்சுட்டுப் போ. எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாயிரும். பன்னண்டு வாரம் இந்தப் பக்கம் வராத" என்றாய். டாக்டர் உனக்குச் சொன்னது மூன்று வாரம்தான் என்று அக்கா பிற்பாடு சொன்னார். மிச்சம் ஒன்பது வாரத்தை என் பயத்துக்காக நீயே கூட்டிப் போட்டிருக்கிறாய்.

அதன் பிறகுதான் அந்த அட்டைகள் வந்தன. எட்டு நாளைக்கு ஒன்று. ஆறடி தூரத்தில் பெட்டியை வைத்து எண்ணி, எண்ணை மட்டும் எழுதி, அக்காவிடம் கொடுத்துத் தெருமுனைத் தபால் பெட்டியில் போடச் சொல்வாய். 640. அடுத்து 330. அடுத்து 175. என்னோடு உட்கார்ந்து பிரிப்பவர்கள் அதை லாட்டரி நம்பர் என்றே நினைத்தார்கள். "இந்த வாரம் என்னண்ணே வந்துச்சு?" என்று ஒருவன் தினமும் நச்சரித்தான். நானும் நம்பர் இறங்கினால் பரிசு விழுந்தவன் மாதிரி ஒவ்வொரு அட்டைக்கும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் நிஜம். அதை மட்டுமாவது நீ நம்ப வேண்டும்.

கடைசி அட்டை: "22. ஊர்க் கணக்கு. வரலாம்."

முத்திரை குத்தி, சட்டைப் பையில் வைத்தேன். போகவில்லை. வளைகாப்பு என்று சொல்லிக்கொண்டேன். செல்வியைப் பிரசவத்துக்கு ஒட்டன்சத்திரத்தில் தாய்வீட்டில் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னிடம் இப்போது இருப்பது என் வீட்டுச் சுவரில் இருப்பதுதான் என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூட விளக்கிச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இரைச்சலை ஒருமுறை கேட்ட காது, இருபத்திரண்டு என்ற எண்ணை நம்ப மறுத்தது.

பெண் பிறந்தாள். "பெண்ணாமே. எப்ப காட்டுற?" என்று அட்டை வந்தது. செல்வியிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன், அயோடினைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவளோ, "ஏனுங்க, அவருகிட்டப் புள்ளயக் காட்ட வேண்டாமுங்களா? எத்தன வாட்டி எழுதிக் கேக்கறாரு" என்று நச்சரித்தாள். பெண்டாட்டி விடவில்லை என்று பழிபோடக்கூட எனக்கு வழியில்லை. பிள்ளைக்கு மூன்று மாதமானபோது, நான் மட்டும் வந்தேன்.

நீ பாதியாக இளைத்திருந்தாய். குரல் கம்மியிருந்தது. மருந்து கழுத்தில் இருந்ததைக் கரைத்துவிட்டதாம், நெஞ்சுக்குள் போனதைக் கரைக்கவில்லையாம். உன் வீட்டுச் சிவப்புச் சிமெண்ட் தரையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் குறுக்கே கோடுகள் இருந்தன. வாசலை ஒட்டி ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று, இப்படிக் கட்டில் கால் வரைக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் தேதி. கணக்கு இறங்க இறங்க, அக்கா எதுவரை வரலாம் என்று நீ போட்டுக் கொடுத்த எல்லை. அவர் தட்டை வைத்துவிட்டுப் போக வேண்டிய இடம் அந்தந்தத் தேதியில் அதுதான். கடைசித் தேதியே ஐந்து மாதம் பழையது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஆபீஸ், மழை, வானொலி என்று என்னென்னவோ. நீ என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மாப்ள," என்றாய், "அந்தக் கோடு பழசுடா."

குனிந்து பார்த்தேன். வாசலை ஒட்டிய முதல் கோட்டில், கோட்டைத் தாண்டாமல் சரியாக நின்றுகொண்டிருந்தேன்.

நீ கோபித்துக்கொண்டிருக்கலாம். அக்காவைக் கூப்பிட்டுப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, குழாயை உன் தொண்டையிலேயே ஒட்டி வைத்தாய். தையல் போட்ட தழும்பின் மேல். வாட்சைக் கழற்றி அக்காவிடம் கொடுத்து என்னிடம் தரச் சொன்னாய். "நீயே எண்ணு. நான் எண்ணுனா நம்ப மாட்ட." டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக், டிக். வாட்சில் ஒரு நிமிஷம் ஆகும்வரை எண்ணினேன். இருபத்து மூன்று என்றேன். "ஒண்ணு கூட. அது ஆகாசத்துல இருந்து விழுந்தது. எம்மேல கேஸ் எழுதிராத" என்று சிரித்தாய், சிரிப்பு இருமலாகிவிட்டது.

நான் அப்போதாவது நேரே வந்து உன் கட்டிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது கோடுவரை வந்தேன். அவ்வளவுதான் வந்தேன் மாப்ளே.

"வாற ஞாயித்துக்கிழம பாப்பாவக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த ஞாயிறு பிள்ளைக்குச் சளி என்று சொல்லியனுப்பினேன். சளி இல்லை. அடுத்த ஞாயிறு ஆபீஸில் ஆடிட் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தபால் ஆபீஸில் ஆடிட் நடக்கும்? உனக்குத் தெரியாதா என்ன? அதற்கடுத்த ஞாயிறு ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. அந்த வாரக் கடைசியில் உன்னை மறுபடி மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். வேனில் திரும்பி வந்தாய்.

அன்று உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். உன் தலைமாட்டில் தோள் கொடுத்தேன். உயிரோடு இருந்தபோது தொட அஞ்சியவனை, அன்று கன்னத்தோடு கன்னமாக வைத்துச் சுமந்தேன். பார்த்தவர்கள், "நண்பன்னா இப்பிடி இருக்கணும்" என்றார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அங்கேயே உட்கார்ந்து கதற வேண்டும் போலிருந்தது.

காரியம் முடிந்து உன் அறைக்குள் போனேன். தரையில் ஒரு கோடுகூட இல்லை. அக்காவிடம் கேட்டேன். "அவன்தான்ப்பா தொடச்சான்" என்றார். "நீ வந்துட்டுப் போன மறுநாளே, ஈரத்துணிய எடுத்துக்கிட்டு மண்டி போட்டு, மூச்சு வாங்க வாங்கத் தொடச்சான். நான் தொடைக்கிறேன்டான்னா கேக்கல. பச்சப்புள்ள வரப்போவுது, சுண்ணாம்புத் தூசி ஆகாதுன்னான். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான்." அவர் என்னைக் குற்றம் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பெட்டியை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாயாம், கொடுத்தார்.

அதைப் பரணில் போட்டேன். என் பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும்போது எதையோ தேடப்போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். "இது யாருதுப்பா?" என்றாள். என் நண்பனுடையது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "நீ பொறந்தப்ப உன்னையக் கீழ விடாம மடியிலயே வச்சிருந்தாரே, அந்த மாமாவோடது" என்று வாயில் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். இன்றுவரை அந்தப் பொய்யை அவள் திருத்தவில்லை.

அன்றிலிருந்து என் பெண்ணுக்கு அது உண்மை. தன்னைத் தூக்கி வைத்திருந்த ஒரு மாமா இருந்தார், நோயில் இறந்துபோனார். தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள், புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். உன்னிடமிருந்து நான் மறைத்து வைத்த பிள்ளையை, பொய்யில் மட்டும் உன் மடியில் போட்டுவிட்டேன். திருத்தப் பலமுறை வாயைத் திறந்திருக்கிறேன். திருத்தினால் உன் மடியிலிருந்து அவளை இரண்டாவது முறை பிடுங்கியதாகிவிடும் என்று மூடிக்கொள்வேன். அதுவும் ஒரு சாக்குதான், தெரிகிறது.

போன மாதம் அவள் தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாகக் கேட்டாள். "அப்பா, என்னைய மொதமொத தூக்குனப்ப அந்த மாமா என்ன சொன்னாரு?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "'இரு, கையக் கழுவிட்டு வாரேன்'ன்னாரு. ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துதான் உன்னைய வாங்குனாரு" என்றேன்.

அவள் தன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு, "நல்ல மனுஷன்ப்பா" என்றாள்.

ஆமாம் என்றேன். அன்று உன்னைப் பற்றி அவளிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.